கசிவே இல்லாத நகரம்

குடிநீர் வாரியத்தின் கிழக்குப் பிரிவில் பொதுநலன் கருதி ஒரு முடிவு எடுக்கப்பட்டது. தரைக்கடியில் ஓடும் குழாய்களில் எங்கே கசிகிறது என்று சைக்கிளில் அலைந்து கண்டுபிடிக்கும் தினக்கூலி ஊழியரின் வண்டியில் ஒரு ஜிபிஎஸ் கருவி பொருத்த வேண்டும். பிரிவுத் தலைவர் அண்மையில்தான் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டம் ஒன்றில் சேர்ந்திருந்தார். இறுக்கமான உடையில் வந்த எல்லாரிடமும் அந்தக் கருவி இருந்தது. இதுநாள்வரை அது இல்லாமல் உலகத்தில் சைக்கிள்கள் எப்படி ஓடின என்பதே அவருக்கு விளங்கவில்லை.

கருவியைத் தேர்ந்தெடுக்க ஐவர் குழு அமைந்தது. ஐந்து பேரில் ஒருவருக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியாததால் பாரபட்சத்துக்கு இடமில்லை. ஒன்பது முறை கூடினார்கள். இதயத்துடிப்பைக் காட்டும் கருவி முதலில் தள்ளப்பட்டது. தினக்கூலி ஊழியருக்கு இதயம் இருப்பது பற்றி விதிகளில் ஒன்றும் சொல்லப்படவில்லை. வழிகாட்டும் வசதியில்தான் பெரிய சிக்கல். கீழே இருப்பவருக்கு வழிகாட்டுவது மேலதிகாரியின் கடமை, அதை ஒரு பெட்டி செய்யலாமா என்று குழுவில் இருந்த கண்காணிப்பாளர் கேட்டார். ஆகவே வரைபடத்தைப் பூட்டிவிட்டு வாங்கத் தீர்மானமாயிற்று. கடைசியில் தேறிய கருவிக்கு எல்லாருக்கும் பிடித்த குணம் ஒன்று இருந்தது. சைக்கிள் நின்றால் அதுவும் நின்றுவிடும். சக்கரம் மறுபடி உருண்டால்தான் நேரத்தைச் சேர்க்கும்.

அந்த ஊழியருக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர் பாம்புக்காது. இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்தாரென்றால், ஆறடிக்குக் கீழே முனகும் குழாயும் அவரிடம் தப்பாது. பதினான்கு வருடமாக இதே வேலை. இந்த வருடம் பணி நிரந்தரம் என்று பதினான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். இம்முறை கோப்பு உண்மையிலேயே தலைவரின் மேசைக்கு வந்துவிட்டது. இப்போது நழுவினால் வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் தினக்கூலிதான்.

கருவி பொருத்திய முதல் வாரம் முடிந்ததும் தலைவர் அவரைக் கூப்பிட்டார்.

"டியூட்டி எட்டு மணி நேரம். கருவி ஒன்றரை மணி நேரம்னு காட்டுது. மிச்ச நேரம் எங்க போனீங்க?"

"எங்கயும் போகல சார். நின்னு வேலை பார்த்தேன்."

"நின்னா அது எப்படிங்க வேலை?"

"கம்பிய ஊன்றி காது கொடுத்துக் கேக்கணும் சார். ஓட்டிக்கிட்டே கேக்க முடியாது."

"ஆதாரம்?"

"ஏழு கசிவு கண்டுபிடிச்சிருக்கேன் சார்."

"அது கசிவு இருந்ததுக்கு ஆதாரம். நீங்க இருந்ததுக்கு?"

தலைவர் மேசைமேல் இருந்த பணி நிரந்தரக் கோப்பை மெல்லத் தட்டினார். "ஒரு நாளைக்கு அறுபது கிலோமீட்டர். கருவி சொன்னா நான் கையெழுத்துப் போடறேன். எனக்கு உங்க மேல தனிப்பட்ட கோபம் எதுவும் இல்ல."

வீட்டில் மனைவி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "ஒழுகுறது குழாயோட பாடு. நீங்க பேசாம ஓட்டுங்க."

ஓட்டினார். ஒரே தெருவை இருபது தடவை சுற்றினார். தெருநாய்கள்கூட இரண்டு நாள் துரத்திப் பார்த்துவிட்டுச் சலித்து விட்டுவிட்டன. ஒருநாள் சந்தை வாசலில் பெரிய குழாய் ஒன்று சீறுவது, கம்பியே இல்லாமல் அவர் காதில் விழுந்தது. கால் தன்னால் தரையைத் தொட்டது. கருவி கீச்சென்று கத்தி நின்றது. கால் திரும்ப மிதிக்கு ஏறியது. அன்றைக்கு அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கருவி அதைப் பதிவு செய்யவில்லை.

அரையாண்டு அறிக்கை தயாரானது. கருவிக்கு முன் கண்டறியப்பட்ட கசிவுகள் நூற்று நாற்பது. கருவிக்குப் பின், முதல் வாரத்து ஏழோடு சரி, அப்புறம் ஒன்றுகூட இல்லை. தலைவர் அறிக்கையை இரண்டு முறை படித்தார். ஒரு கருவி வந்த ஒரே வாரத்தில் ஊர்க் குழாய் எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டதே என்று அவருக்குப் புல்லரித்தது.

கசிவே இல்லாத நகரம் என்று விழா எடுத்தார்கள். மேடையில் தலைவருக்கு இருமல் வந்து தண்ணீர் கேட்டார். கட்டடத்திலேயே சொட்டுத் தண்ணீர் இல்லை. நல்லவேளை, கைதட்டல் பலமாக இருந்ததால் இருமல் வெளியே கேட்கவில்லை. பாம்புக்காது நிரந்தர ஆணையை இரண்டு கையாலும் வாங்கினார். கீழே உட்கார்ந்திருந்த மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை தெருவில் ஒரு குழாயிலும் தண்ணீர் வரவில்லை. காலிக் குடங்களோடு மொத்தத் தெருவும் அவர் வாசலுக்கு வந்துவிட்டது.

"அண்ணே, தெருமுனையில தண்ணி பீறிட்டு ஓடுது," என்றார் தையல்காரர். "எங்க உடைஞ்சிருக்குன்னு தெரியல. கம்பிய எடுத்துக்கிட்டு ஒரு எட்டு வாங்களேன்."

பாம்புக்காது நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். இத்தனை மாதம் பட்டினி கிடந்த காது அந்தப் பக்கமே இழுத்தது. அப்போதுதான் தாம் நிரந்தரமாகிவிட்டது ஞாபகம் வந்தது. மறுபடி உட்கார்ந்தார்.

"மனுவா எழுதிக் கொடுங்க," என்றார். "ஆவன செய்யப்படும்."

பேனா தேடினார்கள், காகிதம் கிழித்துப் பங்கிட்டார்கள், ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். முதல் ஆளாக இடுப்பில் குடத்தோடு நின்றது அவர் மனைவி. வரிசை தெருமுனைவரை நீண்டது. அங்கே கடைசியில் நின்றவர்கள், கணுக்கால் நனையும் தண்ணீரில் நின்றபடி, முன்னால் இருப்பவர் முதுகில் காகிதத்தை வைத்து, தண்ணீர் வரவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.