மிச்சம் ஏழு

பாட்டிலைத் தட்டில் கவிழ்த்ததும் ஏழு வெள்ளைக் கேப்சூல்கள் உருண்டன. தங்கபாண்டி இரண்டாவது முறையும் எண்ணினான். ஏழுதான்.

இருபத்தெட்டு நாளைக்கு, நாளுக்கு ஒன்று. இன்றோடு இருபத்தெட்டு. அனுஷா இட்லி தின்ற கையோடு இன்றைக்கான கேப்சூலையும் விழுங்கிவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். இனி பாட்டிலை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். அதில் இன்னும் ஏழு இருந்தால் என்ன அர்த்தம்? ஏழு நாள் அவள் மருந்தைத் தொடவேயில்லை என்று அர்த்தம்.

உடம்பு கனத்த கர்ப்பிணிகளுக்கு நல்ல கிருமிகளைக் கொடுத்தால் சர்க்கரை வராமல் தடுக்க முடியுமா என்று அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. பாதிப் பேருக்குக் கேப்சூலில் உயிருள்ள கிருமி, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. ஒழுங்காகச் சாப்பிடாதவர்களை நீக்கிவிடுவார்கள் என்று தங்கபாண்டி தானாகவே முடிவு செய்திருந்தான்.

அனுஷாவிடமே கேட்டிருக்கலாம். அங்கேதான் சிக்கல். முதலில் காட்டிய ஆஸ்பத்திரியில், எடை மெஷின் தொண்ணூற்று நான்கு காட்டியபோது, "மூணு பேருக்குச் சேத்துத் தின்னுறியா?" என்று டாக்டர் வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்டுவிட்டார். அனுஷா வீடு வரும்வரை அடக்கிக்கொண்டு, வந்தபின் இரண்டு நாள் அழுதாள். அவள் வாய்க்குள் என்ன போகிறது, என்ன போகவில்லை என்று இனிமேல் கேட்பதில்லையென்று தங்கபாண்டி அன்றைக்குச் சத்தியம் செய்துகொண்டான்.

இந்த ஆராய்ச்சியை நடத்தும் ஜெயஷீலா டாக்டர் முதலில் பெயரைக் கேட்டார், பிறகு உட்காரச் சொன்னார், எடையை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கேட்டார். அனுஷா சிரித்துக்கொண்டே வெளியே வந்த ஒரே ஆஸ்பத்திரி அதுதான். ஏழு கேப்சூலுக்காக அந்த டாக்டரை இழக்க அவனுக்கு மனம் வரவில்லை.

தங்கபாண்டி பழவங்காடியில் ஓர் ஓட்டலில் சமைக்கும் சரக்கு மாஸ்டர். கடை மூடும்போது வாளியில் சாம்பார் மிஞ்சினால் மாஸ்டருக்குக் கேவலம். மிஞ்சியதை என்ன செய்ய வேண்டும் என்று பதினோரு வருஷமாக அவனுக்குத் தெரியும். தானே குடித்துவிடுவான். அவனுடைய தொப்பை அப்படி வந்ததுதான்.

ஏழையும் வாயில் போட்டு, ஒரு சொம்பு மோரை ஊற்றி இறக்கினான்.

"என்ன மாப்ள, மோர நின்னுக்கிட்டே குடிக்கிய?" என்று அடுக்களையிலிருந்து மாமியார் ஆவுடைத்தாய் எட்டிப் பார்த்தாள்.

"தாகம் அத்தை."

ஆவுடைத்தாய் மகளுக்குத் துணையாகக் கடையநல்லூரிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது. இந்த மலையாள ஊர்ச் சிவப்பரிசி அவளுக்கு வயிற்றில் கல்லாகக் கட்டிவிட்டது. தங்கபாண்டிதான் நாட்டு வைத்தியசாலையில் சொல்லி, வயிறு இளகக் கேப்சூல் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தான். பிரயோஜனமில்லை என்று முதலில் முனகிக்கொண்டிருந்தவள், இந்த ஒரு வாரமாகத்தான் முகம் தெளிந்து நடமாடுகிறாள்.

மூவரும் ஆட்டோவில் போனார்கள். டோக்கன் நம்பர் அறுபத்திரண்டு. பதினோரு மணிக்குத் தங்கபாண்டியின் வயிற்றுக்குள் யாரோ பெஞ்சை இழுத்துப் போட்டார்கள். பன்னிரண்டரைக்குள் மூன்று முறை கழிப்பறைக்குப் போய்வந்தான்.

"என்ன செய்யுது?" என்றாள் அனுஷா.

"ஒண்ணுமில்ல. கை கழுவப் போனேன்."

கிருமிகள் வேலையைத் தொடங்கிவிட்டன என்று அவனுக்குப் புரிந்தது. ஒரு கேப்சூலில் ஆயிரம் கோடி என்று நோட்டீஸில் படித்திருந்தான். ஏழுக்கு எத்தனை என்று கணக்குப் போடுவதற்குள் நான்காவது முறை எழ வேண்டியிருந்தது.

ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டார்கள். நர்ஸ் ரெனி பாறசாலைப் பக்கத்துப் பெண். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள். பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"பாக்கி எவிட அண்ணா?"

"பாக்கியா?"

"முப்பத்தஞ்சு தந்திருக்கு. நீங்க வர ரெண்டு நாள் தாமசிச்சா உதவட்டும்னு ஏழு கூடுதல் வைக்கிறதாணு. அத எண்ணி எழுதணும். அன்னைக்கு அம்மாகிட்டயும் சேச்சிகிட்டயும் பறஞ்சேனே."

அன்றைக்குத் தங்கபாண்டி ஓட்டலில் இருந்தான்.

"ஓடையில விழுந்துட்டு சிஸ்டர்."

"ஏழும்?"

"ஏழும்."

"பாட்டில் விழல்லே?"

"பாட்டில் விழல."

ரெனி பேனாவின் மூடியைக் கழற்றினாள். "மருந்து களைஞ்சு, தொலைஞ்சு போயாச்சுன்னு எழுதணும். அப்புறம் ஸ்டடீல வைக்கலாமா வேண்டாமான்னு டாக்டர்தான் பறயணும்."

"நான் காலைல ஃப்ரிட்ஜுல வைக்கும்போது ஏழும் இருந்துச்சே," என்றாள் அனுஷா.

அவள் ஒரு நாளும் விடவில்லை. தங்கபாண்டிக்கு அப்போதுதான் அது உறைத்தது. வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது.

"நாந்தான் தின்னேன்," என்றான்.

"எதுக்கு?"

"நீ ஏழு நாள் போடலன்னு நெனச்சேன்."

"என்ட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன்."

"யார்ட்ட பண்ணுனீங்க?"

"என்கிட்டயேதான்."

அனுஷா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபமா சிரிப்பா என்று அந்த முகத்தில் அவனுக்குப் பிடிபடவில்லை. எப்படியாவது நிலைமையைத் தேற்ற வேண்டும் என்று நினைத்தவன், யாரும் கேட்காத ஒன்றைச் சொன்னான்.

"ஆனா சிஸ்டர், ஒரு நல்ல விசயம். இவளுக்குக் குடுக்கது மாவு இல்ல. அசல் கிருமியேதான். எப்படித் தெரியும்னா, காலைலேர்ந்து நான் ஆறு தடவ போயிட்டேன்."

ரெனி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய் ஜெயஷீலா டாக்டரை அழைத்து வந்தாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தார். எத்தனை மணிக்குத் தின்றான், எத்தனை தடவை, ரத்தம் உண்டா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். முகத்தில் சிரிப்பில்லை.

"ஏழு கேப்சூலுக்கு இவ்வளவு பேதின்னா சும்மா விட முடியாது. இத இருநூறு கர்ப்பிணிங்க சாப்பிடுறாங்க. இன்னைக்கே கமிட்டிக்குச் சொல்லி எல்லாருக்கும் நிறுத்தணும். அனுஷாவோட பாட்டில்ல என்ன இருந்துச்சுன்னு சீல் வச்ச கவர உடைச்சுப் பாக்கணும்."

"பாத்துட்டா?"

"பாத்துட்டா அவங்க இந்த ஸ்டடீல இருக்க முடியாது. வேற டாக்டர்ட்டதான் போகணும்."

எதைக் காப்பாற்ற ஏழையும் விழுங்கினானோ அதையே தன் வாயால் தொலைத்துவிட்டான்.

"மாவா இருந்தாலும் இருக்கும் டாக்டர்," என்றான். "எனக்கு மாவும் ஒத்துக்கிடாது."

"நீங்க ஓட்டல் மாஸ்டர்தான?"

பதில் சொல்ல அவனுக்கு நேரமில்லை. ஏழாவது முறை ஓடினான்.

திரும்பி வந்தபோது டாக்டர் கையில் போன் இருந்தது. அனுஷா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரெனி அவள் தோளில் கை வைத்து நின்றாள். மூலையில் ஒயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, இதுவரை வாயே திறக்காமல் இருந்த ஆவுடைத்தாய், மகளை ஒரு முறை பார்த்தாள், மருமகனை ஒரு முறை பார்த்தாள். பிறகு மெல்லத் தொண்டையைச் செருமினாள்.

"போன வச்சிருங்க டாக்டரம்மா. உங்க மாத்திர ஏழையும் ஒரு வாரமா நாந்தான் தின்னேன், எண்ணிக்க கொறைஞ்சா மாப்ள கேப்பாகளேன்னு இன்னைக்குக் காலைல இவளுக்கு அசல் ஒண்ண எடுத்துக் குடுத்துட்டு அந்தப் பாட்டில்ல போட்டு வச்சது, அவுக எனக்கு வாங்கிக் குடுத்த பேதி மாத்திர."