ஆடியில் சரிந்த பந்துக்களம்

போடிமெட்டு மலை,
மார்கழி, 1931.

எலப்புள்ளியில் இருக்கும் மகாராஜராஜஸ்ரீ மாமா நஞ்சப்பன் அவர்கள் சமூகத்துக்கு, மருமகன் சென்னியப்பன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் குமாரத்தி சாந்தம்மாளும் குளிரைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். தங்கள் சுகத்துக்கும் எருமைகளின் சுகத்துக்கும் எழுதவும்.

எனக்கு அரிசி மில்லில் கணக்கர் வேலை ஏற்பாடு செய்திருப்பதாகத் தாங்கள் எழுதியதற்கு இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் எங்கள் பந்துக்களம். எஸ்டேட் குடியிருப்பில் எல்லோரும் பூப்பந்து ஆடும் அந்தக் களத்தில் பாதி, ஆடி மழையில் சரிந்து தேயிலைக்குள் போய்விட்டது. திரும்பக் கட்டுவதற்குக் கூட்டம் போட்டார்கள். ஜலதோஷத்தால் நான் போகவில்லை. வராதவன் மறுக்கமாட்டான் என்று என்னையே பொறுப்பாளனாக்கிவிட்டார்கள்.

சரிவில் கல் அடுக்கிச் செம்மண் கொட்டி நிரவினோம். மண்ணை அழுத்துவதற்கு ரோட்டு வேலைக்காரர்களிடம் ஒரு கல் உருளையை இரவல் வாங்கினேன். இழுப்பவர்கள் வெற்றிலை போட உட்கார்ந்த நேரம் பார்த்து அது தானாகவே புறப்பட்டுப் போய், கீழே துரை பங்களாவின் முட்டைக்கோஸ் பாத்தியில் நின்றது. நான் மூச்சிரைக்க ஓடி, “கல் வருகிறது, சார்” என்று இங்கிலீஷில் அறிவித்தேன். கல் வந்து வெகு நேரமாகியிருந்தது. துரை என்னையும் முட்டைக்கோஸையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, மறுநாள் கல்லை மேலே ஏற்ற மாடுகளை அனுப்பினார். நல்ல மனிதர்.

அதற்குப் பிறகு கோடு போடுவதில் எனக்கும் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் கபிரியேலுக்கும் தகராறு. சூரியன் கண்ணில் அடிக்காமல் வடக்கு தெற்காகப் போடவேண்டும் என்பது அவர் கட்சி. அப்படிப் போட்டால் பந்து பள்ளத்துக்கே போகும் என்பது என் கட்சி. பேச்சு நின்றுபோயிற்று. இருமல் மருந்தைக்கூட அவர் பேசாமலே கொடுத்தார், கசப்பு வழக்கத்தைவிட அதிகம். கடைசியில் அவர் சொன்னபடியே கோடு போட்டார்கள். மறுநாள் இருவரும் தனித்தனியே பார்க்கப் போனால் களம் முழுக்க மிளகாய் காய்கிறது. முன்பு கொழுந்து பறித்த மூக்கம்மாள் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறாள். நெடியில் இருவரும் சேர்ந்து தும்மியதில் பேச்சு திரும்ப வந்துவிட்டது.

மூக்கம்மாளிடம் நியாயம் கேட்டோம். “இந்த மலையில தட்டையாக் கெடக்கது இது ஒண்ணுதானய்யா. சாயங்காலம் நீங்க குதிங்க, பகல்ல எங்க மொளகா காயட்டும்” என்றாள். ஒப்புக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை நானும் கபிரியேலும் ஒரே பக்கம் நின்று ஆடித் தோற்றோம். கண்ணெல்லாம் எரிச்சல், ஆனாலும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் வீடு திரும்பினோம்.

ஆனால் மாமா, இந்த மலைக்கு வந்த புதிதில் தங்கள் மகள் அழாத நாளில்லை என்பது தங்களுக்கே தெரியும். ஆகையால் மில் வேலையை ஏற்றுக்கொள்கிறேன். தை பிறந்ததும் சாமான்களோடு வந்துசேருகிறோம். அத்தைக்கு என் வணக்கமும், அங்குள்ள குழந்தைகளுக்கு என் முத்தமும் சேரட்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
சென்னியப்பன்.

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் இதைச் சாந்தம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். “ஏனுங்க, என்னைக் கேக்காம எழுதிப்போட்டீங்களா? நான் போயிட்டா மூக்கம்மாளக்காவுக்கு ஆருங்க ஜோடி?” என்றாள். நாங்கள் வேலைக்குப் போனபின் பெண்கள் மிளகாயை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தினமும் ஆடுகிறார்களாம். எனக்கு இன்றுதான் தெரியும். மில் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடவும். கோயமுத்தூர் போனால் கனமில்லாத மட்டை ஒன்று வாங்கி அனுப்பச் சொல்கிறாள்.