மச்சானுக்குத் தெரியாமல் வாங்கிய நாலு பேட்

முதலில் தப்பு செய்தவன் என் மச்சான். பெண்டாட்டியின் தம்பி. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் யார் என்ன சொன்னாலும் நீங்கள் நம்பக் கூடாது. குறிப்பாக என் பெண்டாட்டி சொன்னால்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அவன் வீட்டில் ஒரு விருந்து. கிளம்புகிற நேரத்தில் அவனுடைய புது எலெக்ட்ரிக் காரில் ஒரு டயர் பஞ்சர். நான் முப்பது வருஷம் டயர் கடை வைத்திருந்தவன். லாரி தூக்கியிருக்கிறேன், பஸ் தூக்கியிருக்கிறேன், ஒரு தடவை பிண வண்டியை ஆளோடு தூக்கியிருக்கிறேன். யாரும் குறை சொன்னதில்லை. உள்ளே இருந்தவரும் சொன்னதில்லை. அதனால் யாரும் கேட்காமலே ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தேன்.

மச்சான் ஓடி வந்து என் இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்தான். நாற்பது வருஷ உறவில் அவன் என் காலைப் பிடித்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் இழுப்பதற்கு.

"அத்தான், அடியில முழுக்க பேட்டரி. கண்ட இடத்துல ஜாக்கி வெச்சா நசுங்கிப் போயிரும். இதுக்குன்னு தனியா பேட் இருக்கு. இது உங்க காலத்து வண்டி இல்ல, கைய வைக்காதீங்க."

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சட்டையெல்லாம் மண்ணோடு தரையில் கிடந்தேன். அங்கேயே சபதம் போட்டேன். இவன் மன்னிப்புக் கேட்கும்வரை இவன் வாசலை மிதிக்க மாட்டேன்.

மூன்றாவது மாதம் எங்கள் மகள் எங்களுக்கு ஒரு கார் வாங்கிக் கொடுத்தாள். எலெக்ட்ரிக்.

மச்சான் சொன்னது பொய் என்று நிரூபிப்பதற்காகவே குனிந்து பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்க மெத்தை விரித்த மாதிரி பேட்டரி. ஓரத்தில் பக்கத்துக்கு இரண்டாக நாலு துளை. உதிரி பாகக் கடைக்காரரிடம், யாருக்காகவோ கேட்பதுபோல விசாரித்தேன். அவர் ஜாக்கி பேட் என்று நாலு ரப்பர் வில்லைகளை எடுத்து வைத்தார். உள்ளங்கை அகலம், தலையில் ஒரு குமிழ். குமிழ் துளைக்குள் உட்காரும், ஜாக்கி ரப்பரைத் தாங்கும், பேட்டரி பிழைக்கும். ஆக, மச்சான் சொன்னது அவ்வளவும் நிஜம். அதுதான் எனக்கு இன்னும் கோபம். பொய் சொல்லி அவமானப்படுத்தியிருந்தால்கூட விட்டிருப்பேன்.

நாலையும் வாங்கிவந்து பழைய பெயிண்ட் டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன்.

இப்படி இருக்கும்போது மச்சான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வீட்டில் விருந்து. பெண்டாட்டி ஒரு வாரம் முன்பே என் சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டிவிட்டாள். வர மாட்டேன் என்று நேராகச் சொல்லலாம். சொல்லிவிட்டு அப்புறம் எங்கே சாப்பிடுவது? அவளிடம் நேராக மோதி ஜெயித்தவர் அவள் குடும்பத்திலும் இல்லை, என் குடும்பத்திலும் இல்லை. சுற்று வழியில் போகத் தீர்மானித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் கடைக்கு நடந்து போனாள். வீட்டில் வேறு ஆணி அகப்படவில்லை. சமையலறைக் காலண்டரின் ஆணியைப் பிடுங்கினேன். முப்பது வருஷம் டயரிலிருந்து ஆணி பிடுங்கிய கை, அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு டயரில் ஆணி அடித்தது. வலதுபக்கப் பின் டயர் உஸ்ஸென்று உட்கார்ந்தது.

காற்று மட்டும் இறங்கியிருந்தால் அடித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். சக்கரமே இல்லாவிட்டால்? இந்த வண்டிக்கு ஸ்டெப்னியும் கிடையாது. தரை சமமாக இருக்கிறதா என்று பார்த்தேன். எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தேன். நட்டுகளைத் தளர்த்தினேன். முன் துளையில் பேட், அதற்கு அடியில் ஜாக்கி. அந்தப் பக்கம் மொத்தமும் அலுங்காமல் எழுந்தது. பின் துளையில் இன்னொரு பேட் வைத்து இரும்பு ஸ்டாண்டைக் கொடுத்து, ஜாக்கியை மெல்ல இறக்கி, சக்கரத்தைக் கழற்றினேன். ஒரு கீறல் இல்லை. என் ஆயுசில் இவ்வளவு சுத்தமாக ஒரு வண்டியைத் தூக்கியதில்லை. யாரையாவது கூப்பிட்டுக் காட்டவேண்டும்போல இருந்தது. காட்டினால் மச்சான் ஜெயித்துவிடுவான். நானே இரண்டு தடவை சுற்றிவந்து பார்த்துக்கொண்டேன்.

ஞாயிறு காலையில் விஷயத்தைச் சொன்னேன். வந்து பார்த்தாள். சக்கரத்தைப் புரட்டினாள். ஆணியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"எங்க குத்துச்சு இது?"

"ரோட்டுல."

"நேத்து பூரா வண்டி வாசல்லதானே நின்னுச்சு."

"முந்தாநாள் குத்தியிருக்கும். மெதுவா இறங்கியிருக்கு."

"முப்பது வருஷம் பஞ்சர் ஒட்டினவருதானே. ஒட்டுங்க."

"பஞ்சர் ஒட்டுற சாமானெல்லாம்தான் கடையோட வித்தாச்சே. ஞாயித்துக்கிழமை எவன் கடை திறப்பான்?"

"அப்ப டாக்சி கூப்பிடுறேன்."

இதற்குத்தான் காத்திருந்தேன். ஸ்டாண்டில் நிற்கிற வண்டியை விட்டுவிட்டு வீட்டைப் பூட்டக் கூடாது, தெருவில் போகிறவன் எவனாவது சாய்ந்தால் ஆபத்து, நான் காவல் இருக்கிறேன், நீ மட்டும் போய்வா, தம்பி மனசு நோகக் கூடாது என்று அடுக்கினேன். குரலில் கொஞ்சம் துக்கம்கூடச் சேர்த்தேன்.

"சரி" என்றாள்.

ஒரே ஒரு சரி. கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் ஒரே ஒரு சரியோடு நிறுத்தியதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவள் உள்ளே போய்ப் போனில் பேசினாள். நான் சோபாவில் காலை நீட்டிப் படுத்தேன்.

பதினோரு மணிக்கு வாசலில் முதல் கார் நின்றது. பிறகு இரண்டாவது. மூன்றாவதிலிருந்து பாத்திரங்கள் இறங்கின. நாற்காலிகள் இறங்கின. கடைசியாக மச்சான் இறங்கினான்.

"என்னம்மா இது?" என்று பெண்டாட்டியிடம் கேட்டேன்.

"நீங்கதான் வண்டிய விட்டுட்டு வர முடியாதே. அதான் விருந்தை இங்க வரச் சொல்லிட்டேன்."

அவன் வாசலை நான் மிதிக்க மாட்டேன் என்றுதான் சபதம். என் வாசலை அவன் மிதிப்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அவசரத்தில் போட்ட சபதம்.

சமாளித்துக்கொண்டேன். இதுவும் நல்லதற்குத்தான். நாற்பது பேர் முன்னால் அவமானப்படுத்தியவன், அதே நாற்பது பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கட்டும். நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். மச்சான் என்னிடம் வரவில்லை. நேராக வண்டியிடம் போய், மண்டிபோட்டு, அடியில் குனிந்து பார்த்தான். எழுந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது.

"அத்தான், பேட் வெச்சிருக்கீங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் பெண்டாட்டி முந்திக்கொண்டாள்.

"ஏழு மாசமா இவருக்கு இதே நினைப்புடா தம்பி. வாய்விட்டுச் சொல்ல வெக்கம். தானே போய் பேட் வாங்கி, பெயிண்ட் டப்பாவுல ஒளிச்சு வெச்சு, தானே கத்துக்கிட்டாரு. உன் விருந்தன்னிக்கு உனக்குக் காட்டணும்னு, நல்லா இருந்த டயர்ல ஆணி அடிச்சுக் கழட்டி வெச்சிருக்காரு. காலண்டர் நேத்து சாயங்காலத்துல இருந்து தரையில கிடக்கு, பாரு."

பேட் நிஜம். டப்பா நிஜம். ஆணி நிஜம். சேர்த்துப் பார்த்தால் மொத்தமும் பொய். ஆனால் எப்படி மறுப்பது? நான் ஆணி அடித்தது உன் மூஞ்சியில் விழிக்காமல் இருப்பதற்கு என்றா? அதுவும் அவன் கொண்டுவந்த சாப்பாட்டின் வாசனை மூக்கில் ஏறிக்கொண்டிருக்கும்போது?

மச்சான் என்னை இறுகக் கட்டிக்கொண்டான்.

"பெரியவங்க நீங்க, இவ்வளவு இறங்கி வந்ததே போதும் அத்தான். அன்னிக்கு நடந்ததை நான் மனசுல வெச்சுக்கல. உங்கள மன்னிச்சிட்டேன்."

நாற்பது பேரும் கைதட்டினார்கள். ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். சாப்பிட்டு முடித்ததும் ஆளாளுக்கு வந்து, எப்படித் தூக்கினீர்கள், எங்களுக்கும் காட்டுங்கள் என்றார்கள். சக்கரத்தை மாட்டி மூன்று தடவை இறக்கி, மூன்று தடவை தூக்கினேன். மச்சான் எனக்குப் பேட் எடுத்துக் கொடுத்தான். உள்ளதைச் சொன்னால், அந்த மத்தியானம் நன்றாகத்தான் இருந்தது.

அதற்காக விட்டுவிட முடியுமா? எனக்கு வரவேண்டிய மன்னிப்பு இன்னும் வரவில்லை. போன வாரம் துணிந்து நானே பேச்சை எடுத்தேன். மச்சான் என் தோளைத் தட்டிக் கொடுத்து, "இன்னுமா அதையே நினைச்சு வருத்தப்படுறீங்க, அத்தான்? அதான் மன்னிச்சிட்டேனே" என்கிறான்.