சிந்தனை நேரத்தில் புறப்பட்ட கப்பல்

நான் முழுக்க முழுக்கத் திட்டம் போட்டு வாழ்ந்த வாரம் என்று என் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அந்த ஒரு வாரத்துக்காக ஒரு கப்பல் அதிகாரியிடமும், ஒரு பாடகர் குழுத் தலைவரிடமும், என் கடையில் இஸ்திரி போடும் முத்துலட்சுமி அக்காவிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். முதல் இரண்டு பேரும் உடனே மன்னித்துவிட்டார்கள். அக்கா மட்டும் இன்னும் இழுத்தடிக்கிறாள். (மன்னித்துவிட்டால் அப்புறம் சொல்லிக்காட்ட முடியாதே.)

தூத்துக்குடியில் நான் சலவைக்கடை வைத்திருக்கிறேன். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் படுக்கை விரிப்புகள், கப்பல்காரர்களின் உடுப்புகள், ஊருக்குள் நாலைந்து லாட்ஜுகளின் தலையணை உறைகள், எங்கள் பங்குக் கோயிலின் துணிகள், எல்லாம் எங்களிடம்தான் வரும். இரண்டு பெரிய வாஷிங் மெஷின், ஒரு டிரையர், மொட்டை மாடியில் வரிசையாகக் கொடிகள். உப்புக் காற்றில் துணி சீக்கிரம் காயாது என்பதால் வானத்தைப் பார்ப்பதும் எங்கள் தொழிலில் சேர்த்தி. என் கணவர் லூர்து குட்டியானை வண்டி ஓட்டி எடுத்துவந்து, கொண்டுபோய்க் கொடுப்பார்.

தொழில் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சிறுதொழில் செய்பவர்களுக்கு என்று ஒரு ஹோட்டல் ஹாலில் ஒருநாள் பயிற்சி நடந்தது. மதியச் சாப்பாடு உண்டு என்றார்கள், போனேன். டை கட்டிய ஒருவர் மேடையில் அங்கும் இங்கும் நடந்தபடி, "உங்கள் வாரத்தை நீங்கள் நடத்துகிறீர்களா, வாரம் உங்களை நடத்துகிறதா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேள்வியை என்னைப் பார்த்தே கேட்டதாகத் தோன்றியது. (இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்பதால் இருக்கலாம்.)

அந்த ஞாயிற்றுக்கிழமையே பெரிய சார்ட் பேப்பர் வாங்கி, என் வாரத்தைக் கட்டம் கட்டமாக வெட்டினேன். திங்களுக்கு மஞ்சள், செவ்வாய்க்கு ஊதா என்று நாளுக்கு ஒரு நிறம். எந்த நாளில் துணி திரும்பிப் போக வேண்டுமோ அந்த நாளின் நிற ஸ்டிக்கரை மூட்டையில் ஒட்டிவிட வேண்டும். தினமும் 'பதில் சொல்லும் நேரம்' அரைமணி. எல்லாவற்றுக்கும் சிகரமாக, சனிக்கிழமை பத்து முதல் பன்னிரண்டு வரை 'சிந்தனை நேரம்'. அப்போது முதலாளி போனை அணைத்துவிட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, தொழிலின் எதிர்காலம் பற்றிச் சிந்திப்பார். முதலாளி என்பது நான்தான்.

அதுவரை எங்கள் கடையில் வேறு முறை இருந்தது. அது முத்துலட்சுமி அக்காவின் முறை. கப்பல் மூட்டைக்கு நீலத் துணிக் கிழிசல், லாட்ஜுக்கு வெள்ளை, கோயிலுக்குச் சிவப்பு. கிழிசலை மூட்டையின் கழுத்தில் ஒரு முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அத்தனையையும் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். பழைய கோணிகளையும் தூக்கிவிட்டு, எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் சாக்குப் பைகள் வாங்கினேன்.

அக்கா சார்ட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏளா ஜெசி, இந்தக் கலரு நாளுக்கா, ஆளுக்கா?"

"நாளுக்குக்கா."

"அப்போ ஒரே நாள்ல ரெண்டு ஆளுக்குப் போச்சுன்னா?"

"அதுக்குத்தான் சார்ட் இருக்குல்லா. பாத்துக்கிடலாம்."

அக்கா இஸ்திரிப்பெட்டியைக் கொஞ்சம் பலமாக வைத்தாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை அந்த வாரம் போல ஒரு வாரம் அமைந்ததில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் டிக் அடித்தேன். டிக் அடிப்பதற்காகவே சில வேலைகளை இரண்டு தடவை செய்தேன். லூர்துவிடம், "பாத்தீங்களா, வாரத்த நான் நடத்துறேன்" என்றேன். அவர், "நடத்து நடத்து. சோறு எந்தக் கட்டத்துல இருக்கு?" என்றார்.

சனிக்கிழமைக்குப் பச்சை நிறம். அன்று இரண்டு பேருக்குத் துணி போக வேண்டியிருந்தது. நிலக்கரி இறக்க வந்திருந்த ஒரு கப்பல் பகல் பன்னிரண்டு மணிக்குப் புறப்படுகிறது. அதில் இருந்த இருபத்திரண்டு பேரின் பாய்லர் சூட்டுகள், அதாவது இஞ்சின் அறையில் போடும் ஆரஞ்சு நிற முழு உடுப்புகள், காலை எட்டு மணிக்குப் போக வேண்டும். மறுநாள் எங்கள் கோயில் திருவிழா. அதற்கென்றே பாடகர் குழு புதிதாகத் தைத்து, கஞ்சி போட்டுத் தேய்க்கக் கொடுத்திருந்த இருபத்திநாலு மெரூன் நிற அங்கிகள் சாயங்காலம் நாலு மணிக்குப் போக வேண்டும்.

இரண்டும் வெள்ளைச் சாக்கு. இரண்டிலும் பச்சை ஸ்டிக்கர்.

லூர்து காலையில் பச்சை ஒட்டிய சாக்குகளில் கைக்கு முதலில் கிடைத்ததைக் கப்பலில் கொடுத்துவிட்டு, சார்ட்டில் இருந்த அடுத்த கட்டத்தின்படி விளாத்திகுளத்தில் ஒரு கல்யாண மண்டபக்காரரைப் பார்க்கக் கிளம்பிப் போனார். நான் பத்து அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது கைபேசியை அணைத்து, பின்னறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். சோப்புத்தூள் மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேஜை, ஒரு நோட்டு, ஒரு பேனா, நான்.

முதலில் 'இரண்டாவது கிளை' என்று தலைப்புப் போட்டு அடிக்கோடிட்டேன். பிறகு இன்னொரு அடிக்கோடு. மெஷின் சத்தம் தாலாட்டுப் போல இருந்தது. கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பேன். (அதுவும் ஆழ்ந்த சிந்தனையில் ஒரு வகைதான்.)

கதவு தட்டப்பட்டது.

"ஏளா ஜெசி, கப்பல் ஏஜென்டு கடை போனுக்குக் கூப்பிடுதாரு."

"பன்னெண்டு மணிக்குப் பேசுறேம்னு சொல்லுங்கக்கா!"

'குறுக்கீடுகளை எதிர்கொண்டது' என்று நோட்டில் ஒரு பத்தி இருந்தது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. அதில் ஒரு டிக் போட்டேன்.

ஐந்து நிமிடத்தில் மறுபடியும் தட்டல். "அவசரமாம்ளா!"

"எல்லாரும் அவசரம்னுதான் சொல்லுவாங்கக்கா!" இரண்டாவது டிக். என் மன உறுதியை நினைத்து எனக்கே புல்லரித்தது.

மூன்றாவது தடவை தட்டியபோது இரண்டு மெஷினும் ஒரேயடியாகப் பிழிந்து சுற்றிக்கொண்டிருந்தன. அக்கா தொண்டை கிழியக் கத்தினாள். "அங்கி கப்பலுக்குப் போயிட்டாம்ளா!"

என் காதில் விழுந்தது, "அங்கிள் கப்பலுக்குப் போயிட்டாராம்ளா" என்று. எங்கள் சொந்தத்தில் கப்பலுக்குப் போகிற அங்கிள்கள் தெருவுக்கு நாலு பேர். சிந்தனை நேரத்தில் இதையெல்லாமா சொல்வார்கள் என்று எரிச்சலோடு கத்தினேன்.

"போகட்டும்க்கா! நல்லபடியா போயிட்டு வரட்டும்!"

அதற்குப் பிறகு யாரும் தட்டவில்லை. மூன்றாவது டிக்கும் போட்டேன்.

பன்னிரண்டு மணிக்குச் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தேன். எதிரே ஒரு பச்சை ஸ்டிக்கர் சாக்கு அவிழ்ந்து கிடந்தது. மேஜைமேல் இருபத்திரண்டு ஆரஞ்சு பாய்லர் சூட்டுகள். அழகாக மடித்து, அடுக்கி, பக்கத்திலேயே முத்துலட்சுமி அக்கா கைகட்டி நின்றாள்.

"வாங்க மொதலாளி. சிந்திச்சு முடிச்சாச்சா?"

போனை உயிர்ப்பித்தேன். அது அம்மை போட்ட பிள்ளைபோல் நடுங்கியது. ஏஜென்டிடமிருந்து ஒன்பது அழைப்புகள், லூர்துவிடமிருந்து நாலு. கப்பலின் சீஃப் ஆபிசர் ஆங்கிலத்தில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: 'மேடம், நாங்கள் மாலுமிகள். பாதிரியார்கள் இல்லை.' கீழே ஒரு படம். இஞ்சின் அறை வாசலில் மெரூன் அங்கியைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, எதில் கையை விடுவது என்று தெரியாமல் ஒருவர் நின்றிருந்தார்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். துறைமுக வாசலில் ஏஜென்ட் நின்றிருந்தார். நல்ல மனிதர், திட்டவில்லை. அலைதடுப்புச் சுவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த கப்பலைக் கையால் காட்டினார்.

"அங்கன போகுது பாருங்க. பதினொண்ணரைக்குள்ள வந்திருந்தா ஏணி எடுக்கறதுக்கு முன்னால மாத்திருக்கலாம்."

அவ்வளவு பெரிய கப்பல் அவ்வளவு சாவகாசமாகப் போனது. ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம் போலிருந்தது. எங்கள் பாடகர் குழு ஆறு மாதம் பேசி, மூன்று மாதம் சண்டை போட்டு நிறம் தேர்ந்தெடுத்த அங்கிகள் அதற்குள் இருந்தன. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயில் என்று ஏஜென்டிடம் சொன்னேன்.

பாடகர் குழுத் தலைவர் மிக்கேல் அண்ணன் இழுவைப்படகின் இஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நடந்ததைச் சொல்லி, ஒரு பாய்லர் சூட்டையும் சாட்சிக்கு எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கி விரித்து, முன்னும் பின்னும் பார்த்தார்.

"ஏளா, முப்பது வருசம் இதைப் போட்டுக்கிட்டுதான் கிரீஸுக்குள்ள கெடந்தேன். ரிட்டயர் ஆன பெறகும் என்னைய விடமாட்டியா நீ?"

"அண்ணே, மன்னிச்சிருங்க. நாளைக் காலைக்குள்ள எப்படியாவது..."

"பண்ணு தாயி, எப்படியாவது பண்ணு. சாம்பிராணி போடுத நேரத்துல கிரீஸ் வாடையோட என்னைய நிறுத்திராத."

வழியைக் கண்டுபிடித்தவர் லூர்துதான். விளாத்திகுளத்திலிருந்து திரும்பி வந்தவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவருடைய அக்கா, என் மைனி, ஆலந்தலையில் இருக்கிறாள். அங்குள்ள கோயில் பாடகர் குழுவில் பாடுகிறாள். போனில் விஷயத்தைச் சொன்னதும் மைனி முதலில் சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு, "வண்டிய எடுத்துட்டு வாங்க. எங்ககிட்ட முப்பது கெடக்கு" என்றாள்.

குட்டியானையில் நானும் லூர்துவும் ஆலந்தலைக்குப் போனோம். திருச்செந்தூர் தாண்டும்போது அவர், "இப்ப இது சார்ட்ல எந்தக் கட்டம்?" என்று கேட்டார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தால் மூக்கு வழியாக ஒரு சத்தம் வரும். அது வந்தது.

வானநீல அங்கிகள். சுத்தமாக, அளவாக, அருமையாக இருந்தன. ஒரே ஒரு சங்கடம். ஒவ்வொன்றிலும் இடதுபக்க நெஞ்சில், தங்க நூலில், கொட்டை எழுத்தில் 'ஆலந்தலை' என்று பின்னியிருந்தது.

"பாட்டுப் புஸ்தகத்த நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிடுவோம்" என்றார் மிக்கேல் அண்ணன்.

மறுநாள் திருவிழாப் பூசையில் அப்படித்தான் நின்றார்கள். பாடுகிறவர்கள் எல்லாரும் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்து, பக்கம் திருப்பாமல், அத்தனை பாட்டையும் மனப்பாடமாகப் பாடினார்கள். இவ்வளவு பக்தியோடு இவர்கள் பாடி நான் பார்த்ததே இல்லை. நான் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்று, ஆண்டவரே இன்னும் கால்மணி நேரம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஆனால் மிக்கேல் அண்ணனுக்குக் கையசைத்துப் பாட்டு நடத்த இரண்டு கையும் வேண்டும். கடைசிப் பாட்டு முடிந்து, பீடத்தைப் பார்த்துத் திரும்பித் தலைவணங்கினார். திருவிழாவுக்காக வெளியூரிலிருந்து வந்து பூசை வைத்த சாமியாருக்கு எங்கள் ஊரில் யாரையும் தெரியாது. ஆனால் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். மைக்கைப் பிடித்தார்.

"இவ்வளவு தூரம் பிரயாணம் செய்து வந்து, நம் திருவிழாவைச் சிறப்பித்த ஆலந்தலைப் பாடகர் குழுவுக்குப் பலமாகக் கைதட்டுவோம்!"

கோயிலே கைதட்டியது. ஆலந்தலையிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் எழுந்து நின்றே தட்டினார்கள். எங்கள் பங்குத்தந்தை எங்கோ மேலே விதானத்தைப் பார்த்தார். மிக்கேல் அண்ணன் மீன்முள் தொண்டையில் சிக்கியவரைப் போலச் சிரித்து, ஆலந்தலையின் சார்பாக இன்னொரு தடவை வணங்கினார்.

திங்கட்கிழமை பாய்லர் சூட்டுகளைக் கட்டி, கப்பல் அடுத்துப் போகும் துறைமுகத்துக்கு ஏஜென்ட் மூலம் அனுப்பினேன். சார்ட்டைக் கழற்றி மடித்தேன். அக்கா ஒரு பழைய நீலச் சேலையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து முனையைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து சீஃப் ஆபிசரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. அந்தக் கப்பலில் பாதிப் பேருக்கு மேல் பிலிப்பைன்ஸ்காரர்கள், நம்மைப் போல வேதக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை, நடுக்கடல், கப்பலின் மேல்தளம். பதினான்கு பேர் எங்கள் மெரூன் அங்கிகளைப் போட்டுக்கொண்டு, கிதார் வைத்துக்கொண்டு, மாதா பாட்டு ஒன்றை அவர்கள் பாஷையில் பாடினார்கள். காற்றில் அங்கிகள் படபடத்தன. பின்னால் கடல் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு போனது.

பாடகர் குழு மொத்தமும் என் போனைச் சுற்றி நின்று பார்த்தது. முடிந்ததும் மிக்கேல் அண்ணன், "இன்னொருக்காப் போடு" என்றார். இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அந்தக் கடைசில நிக்கவனோட அடித்தொண்டைக் கொரலு இருக்கே... நம்மகிட்ட இல்லளா அது."

இரண்டு மாதம் கழித்துக் கப்பல் திரும்ப வந்தது. அங்கிகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்திருந்தார்கள். முத்துலட்சுமி அக்கா மடிப்பு மடிப்பாகச் சோதித்துவிட்டு, ஒரு குறையும் அகப்படாததால் அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை கப்பலிலிருந்து ஆறு பேர் இறங்கிப் பூசைக்கு வந்தார்கள். மிக்கேல் அண்ணன் அவர்களுக்கு அங்கி மாட்டிவிட்டு, குழுவோடு நிறுத்திவிட்டார். பாஷை தெரியாமலே எல்லா அல்லேலூயாவையும் அவர்கள்தான் தூக்கிப் பிடித்தார்கள்.

எங்கள் சொந்தத்தில் கல்யாணம், புதுமனை எதுவானாலும், லூர்து என்னைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்துவது ஒரே மாதிரிதான். "இவ ஜெசிந்தா. ஒரு முழுக் கப்பலுக்கே ஞானஸ்நானம் குடுத்தவ." அப்புறம் கதை முழுக்கச் சொல்லப்படும். ஒவ்வொரு வீட்டிலும் அங்கிகளின் எண்ணிக்கை கொஞ்சம் கூடும். போன கல்யாணத்தில் நாற்பது ஆகிவிட்டது. நானும் திருத்துவதில்லை.

போன வாரம்கூட, ஈரத் துணியை உதறிக்கொண்டிருந்த நேரத்தில் மிக்கேல் அண்ணன் போன் செய்தார். நலம் விசாரிக்கவில்லை, நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஏளா, இந்த வாரம் எந்தக் கப்பல் வருது? அதுல அடித்தொண்டைல பாடுதவன் எவனாவது உண்டுமா, ஏஜென்டுகிட்ட கேட்டுச் சொல்லு."