அப்பாவும் நானும், சைவ உணவு உண்டு

இந்த முறையும் ஒருவரும் சிரிக்காவிட்டால் மைக்கை மூட்டை கட்டிவிட வேண்டும் என்று மனைவி கலைமகள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். குகனும் தலையாட்டிவிட்டான். வேறு வழி? புக்கிட் ரம்பாய் கோயில் மண்டபத்தில் அவன் முன்பு நடத்திய சிரிப்பு மேடைக்கு வந்தவர்கள், கதவைப் பூட்ட வந்தவரையும் சேர்த்து ஐந்து பேர். அவர்களும் சிரிக்கவில்லை. பகலெல்லாம் பத்து பெரண்டாம் வட்டாரத் தொழிற்சாலையில் நின்றே தேய்ந்தவனுக்கு உயிர் இருந்தது அந்த மேடையில்தான்.

தன் மூஞ்சியைப் பார்த்து யார் வரப்போகிறார்கள் என்று, போஸ்டரில் அப்பா அப்புசாமியின் படத்தைப் போட்டான். நிகழ்ச்சி முழுக்க அவரைப் பற்றித்தானே. தோட்டத்தில் செம்பனைக் குலை லாரி ஓட்டிய மனிதர். ஓய்வுபெற்று ஊரை விட்டுக் குகன் வீட்டோடு போய்விட்டாலும் புக்கிட் ரம்பாயில் அவரைத் தெரியாதவர் இல்லை. கிடைத்தது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். 'அப்பாவும் நானும்: மகன் குகன் பேசுகிறார்' என்று எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ஒருவரும் பதில் போடவில்லை.

"சாப்பாடு போடறோம்னு எழுதுங்க. அப்பத்தான் வருவாங்க," என்றாள் கலைமகள்.

கோயில் மண்டபத்தில் கோழி கூடாது என்று தலைவர் சொன்னதால், 'சைவ உணவு வழங்கப்படும்' என்று சேர்த்தான். அவ்வளவுதான், வாட்ஸ்அப்பில் பதில்கள் கைகூப்பிய பொம்மைகளாக வந்து குவிந்தன. குகனுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பாவையும் கூப்பிட்டான். தன்னைக் கேலி செய்வதைத் தானே வந்து வேறு பார்க்க வேண்டுமா என்று அவர் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. குத்துவிளக்கு ஏற்றியதும் யாரும் சொல்லாமலே எல்லாரும் எழுந்து நின்றார்கள். குகன் மைக்கைப் பிடித்தான்.

"எங்கப்பா கார்ல பக்கத்துல உக்காந்தா, இல்லாத பிரேக்க மிதிச்சிக்கிட்டே வருவாரு. வொர்க்‌ஷாப்காரன் சொல்றான், பிரேக் நல்லாத்தான் இருக்கு, உங்கப்பா காலுக்குக் கீழ தரைதான் தேஞ்சிடுச்சின்னு."

சத்தமே இல்லை. முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஒருவர் குனிந்தபடி வெளியே ஓடினார்.  குகன் இன்னும் வேகமாகப் பேசினான்.

"அவரு எங்கயும் போகல. வீட்டுலதான் இருக்காரு. நான் லைட்டு போட்டா, வந்து அணைச்சிட்டுப் போறாரு."

பின்வரிசையில் யாரோ தேம்பினார்கள். இப்படியும் ஒரு சபை உண்டா?  குகனுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. இதற்கு மேல் தன்னால் முடியவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று மைக்கைக் கீழே வைத்தான். முன்வரிசையும் சேர்ந்து அழுதது.

கலைமகள் ஒயரைச் சுருட்டத் தொடங்கினாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். சாப்பிட்டுக் கைகழுவியவர்கள் ஒவ்வொருவராக வந்து அவன் கையைப் பிடித்து, மனதை விட்டுவிடாதே என்றார்கள். அவ்வளவு கேவலமாகவா பேசினோம் என்று கூனிக் குறுகிப் போனான். இனி செத்தாலும் மேடை ஏறுவதில்லை என்று முடிவு செய்துகொண்டான்.

கடைசியாக, பழைய பக்கத்து வீட்டு முனியாயி அக்கா விலாவைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அழாத தம்பி. அப்பா கருமாதியில சிரிச்சா தப்பாச்சேன்னு எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தோம். இல்லன்னா நீ பேசுன பேச்சுக்குச் சிரிச்சே எங்க உசுரு போயிருக்கும்லா."