மருந்து நேரம் சொன்ன குரல்

மேசை மேலிருந்த டெப்லட் கணினியிலிருந்து சங்கீதம் எழுந்ததும் பெண்கள் வார்டில் பாதிப் பேர் கட்டிலை விட்டு இறங்கிவிட்டார்கள். பன்னிரண்டாம் கட்டில் நூருன்னிஸா ஜன்னல் வரைக்கும் போய்விட்டார்.

"மிஸ், பாண் வண்டிய நிப்பாட்டச் சொல்லுங்க. ரெண்டு மீன் பணிஸ் வேணும்."

தாதி தக்ஷாயினி தலையில் கைவைத்துக்கொண்டாள். வந்தது பாண் வண்டி அல்ல. மருந்து நேரத்தை நினைவூட்ட அவளே யோசனை சொல்லிச் செய்வித்த அலாரம். மென்பொருள் எழுதும் நிஸ்தார் இனிமையான மெட்டு என்று தேடி எடுத்துப் போட்டது, பாண், பணிஸ் என்று ரொட்டி வகைகள் விற்கும் த்ரீவீலர்கள் தெருத்தெருவாக வாசித்துத் திரிகிற அதே மெட்டு.

"முதல்ல கீக்கீன்னு அடிச்சது நல்லாத்தானே இருந்துச்சு, மிஸ்?" என்றான் நிஸ்தார்.

"சேலைன் மெஷினும் அப்படித்தான் அடிக்குது, ஆட்களோட போனும் அப்படித்தான் அடிக்குது. எது எதுன்னு தெரியாமத்தானே போன கிழமை இந்த உம்மாவுக்கு இன்சுலின் பிந்திப் போச்சு."

அன்றைக்கு நூருன்னிஸாவுக்குச் இரத்தத்தில் சீனி ஏறிய ஏற்றத்தைத் தக்ஷாயினி இன்னும் மறக்கவில்லை. மென்பொருளைத் திருத்த உதவிக்கு ஒரு தாதி வேண்டும் என்றபோது அவள் முதல் ஆளாகக் கை தூக்கியதும் அதனால்தான். இங்கே ஒன்று, இன்னோர் ஆஸ்பத்திரியில் ஒன்று என இரண்டு அலாரங்கள் தயாராகின்றன. தேர்வுக்குழுத் தலைவர் ஆறுமுகநாதன் இரண்டையும் பார்த்து ஒன்றை எடுப்பார். மற்றது குப்பைக்குத்தான்.

"அப்ப பேசவே விடுவோம்," என்றாள் தக்ஷாயினி. அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "மனுசக் குரல்ல, கட்டில் நம்பர் சொல்லிக் கூப்பிடட்டும்."

அவள் குரலையே பதிவு செய்தார்கள். அடுத்த நாள் டெப்லட், "பன்னிரண்டாம் கட்டில், இன்சுலின் நேரம்" என்று கணீரென்று சொன்னது. நோயாளிகளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், அதனிடமே சுடுதண்ணீர் கேட்டார்கள், ஃபேனைப் போடச் சொன்னார்கள். சாயங்காலம் மேட்ரனிடம் முறைப்பாடு போய்விட்டது: தக்ஷாயினி மிஸ்ஸுக்குத் தலைக்கனம், எது கேட்டாலும் மருந்து நேரத்தைத் தவிர வேறு பதில் சொல்வதில்லை.

ஆறுமுகநாதன் வந்த அன்று ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் பேய்மழை. நெட்வொர்க் படுத்துவிட்டது. அவர் முன்னே வர, டிரைவர் றம்ஸி பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

"எங்க, பேசச் சொல்லுங்க பார்ப்போம்," என்றார் தலைவர்.

நிஸ்தார் அழுத்தினான். சத்தமில்லை. இன்னொரு தரம் அழுத்தினான். அவன் முகம் போன போக்கைப் பார்த்த தக்ஷாயினி, கட்டிலோரம் நின்ற மறைப்புத் திரைக்குப் பின்னால் நழுவினாள்.

"பன்னிரண்டாம் கட்டில், இன்சுலின் நேரம்."

"அருமை," என்று டெப்லட்டின் பக்கம் குனிந்தார் தலைவர். "இன்சுலின் போட்டா எப்ப சாப்பாடு குடுக்கணும்?"

அது கேள்விக்குப் பதில் சொல்லாது என்று நிஸ்தார் வாயெடுப்பதற்குள் தக்ஷாயினியின் வாய் முந்திக்கொண்டது. "அரை மணித்தியாலத்துல."

"சாப்பாடு எப்ப வரும்?"

"அது கிச்சன்காரங்களுக்குத்தான் தெரியும்."

தலைவர் நிமிர்ந்தார். "கிச்சன் விஷயம் கூட இதுக்குத் தெரியுதே. நேத்து மற்ற ஆஸ்பத்திரியில பார்த்ததும் இப்படித்தான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிச்சு."

திரைக்குப் பின்னால் தக்ஷாயினிக்குப் பகீரென்றது. அந்த ஆஸ்பத்திரிக்காரிகள் உண்மையாகவே பேசும் மெஷினைச் செய்துவிட்டார்களா? தான் இங்கே ஒளிந்து நின்று மிமிக்ரி செய்கிறோமே என்று கூசியது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

இதற்குள் நூருன்னிஸாவும் டெப்லட்டைப் பார்த்து, "மகள், வீட்டுக்குப் போக எனக்கு எப்ப டிக்கட் வெட்டுவாங்க?" என்று கேட்டுவிட்டார்.

"சீனி இறங்கட்டும் உம்மா. விசிட்டர்மார் கொண்டார இனிப்புத் தொதலத் தலகாணிக்கடியில ஒளிச்சு வைக்காதீங்க."

வார்டே சிரித்தது. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "உம்மான்னு கூப்பிடுது பாருங்க. நர்ஸ்மார் கை பட்டா மெஷினுக்கும் இரக்கம் வருது. நேத்துப் பார்த்ததவிட இதுதான் தெளிவு. எல்லா ஆஸ்பத்திரிக்கும் இதையே போடுவோம்."

அவர் மேட்ரனோடு தேத்தண்ணீர் குடிக்கப் போனதும் தக்ஷாயினி திரைக்குப் பின்னாலேயே குதித்தாள். நிஸ்தார் அழாக்குறையாக வந்தான்.

"மிஸ், இத நான் எப்படிச் செய்வேன்?"

"அவங்க செஞ்சிருக்காங்களே, தம்பி. நம்மளால முடியாதா?"

அப்போது, மறந்துபோன குடையை எடுக்க வந்த டிரைவர் றம்ஸி, திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"நீங்க நல்லாச் செஞ்சீங்க, மிஸ். நேத்துப் போன ஆஸ்பத்திரியில மெஷின் நடுவுல தும்மிருச்சு."