அது எந்தக் ‘கூடாது’?

‘கூடாது’ என்ற சொல்லை இந்த உலகத்தில் சட்டம் அக்கா அளவுக்குப் பிடித்து உலுக்கியவர் யாரும் கிடையாது. தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதிக்கு அவர்தான் வார்டன். சொந்தப் பெயர் ஏதோ ஒன்று இருந்தது. அதை நாங்கள் யாரும் தொந்தரவு செய்யவில்லை.

அக்காவின் அகராதியில் அரசாங்கம் போட்டால்தான் சட்டம். விடுதி முதலாளி போட்டால் விதி. நமக்குள் பேசி வைத்துக்கொண்டால் ஏற்பாடு. யார் போட்டது என்றே தெரியாமல் நடந்துகொண்டிருந்தால் வழக்கம். ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் இன்னொன்றைச் சொல்லிவிட்டால் அக்காவின் கையில் இருக்கும் கரண்டி அந்தரத்தில் நின்றுவிடும். நாம் திருத்திச் சொல்லும்வரை தட்டில் சாம்பார் விழாது.

ஒரு நாள் காலையில் எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. குளியலறைக் கதவைத் தட்டி, “ஏளா, பத்து நிமிஷத்துக்கு மேல குளிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்லா!” என்று கத்தினேன். அக்கா எங்கிருந்தோ வந்து என் கையைப் பிடித்தார்.

“சட்டமா? கூடக் கொஞ்ச நேரம் குளிச்சா போலீஸ் வந்து புடிக்குமா? நம்ம பேசி வச்ச ஏற்பாடு அது. ஏற்பாடுன்னு சொல்லித் தட்டு.”

உள்ளே சோப்பு நுரையோடு குளித்துக்கொண்டிருந்தவளும் வெளியே வாளியோடு நானும் பாடம் கேட்டோம். ஆபீஸ் பஸ் போய்விட்டது.

இன்னொரு நாள் மணப்பாட்டுப் பெண் ஒருத்தி, “வெள்ளிக்கிழம மீன் கூடாதுன்னு என்னக்கா ரூல்ஸ்?” என்று சண்டைக்கு நின்றாள். அக்கா தீர யோசித்து, “ரூல்ஸ் இல்லளா, வழக்கம். அதுவும் இங்கன சமைக்கக் கூடாதுன்னுதான். திங்கக் கூடாதுன்னு இல்ல” என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை பொரித்த மீன் பார்சல் வந்தது. தட்டு எடுத்து வைத்தவரே அக்காதான்.

இதெல்லாம் எங்களுக்கு வெறும் சிரிப்பாக இருந்தது, செல்வியின் அண்ணன் வரும்வரை.

செல்வி என் அறைத்தோழி. ஏரல் பக்கம் ஊர். என்னோடுதான் கன்டெய்னர் யார்டு ஆபீசில் வேலை பார்த்தாள். வேலையை விட்டுவிட்டு வா, கல்யாணம் பேசியாச்சு என்று வீட்டில் நெருக்கினார்கள். அவள் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் காரோடு வாசலில் வந்து நின்றான். காரில் ஏறினால் வேலை போச்சு என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். மாடிப்படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“யக்கா, அவள வரச் சொல்லுங்க. எங்க குடும்பத்துல பொம்பளப் பிள்ள வெளிய தங்கி வேல பாக்கக் கூடாது. அதான் சட்டம்” என்றான் அண்ணன்.

பையன் தொடக்கூடாத சொல்லைத் தொட்டுவிட்டான்.

அக்கா கேட்டுக்கு வெளியே ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார். “உக்காரு தம்பி. எந்தச் சட்டம்? சட்டசபையில போட்டதா?”

“அது… எங்க வழக்கம்.”

“ஒங்க குடும்பத்துல இதுக்கு முன்னால எந்தப் பிள்ள வெளியூருல வேலைக்குப் போச்சு?”

“யாரும் போகல.”

“போகவே இல்லன்னா தடுக்குத வழக்கம் எங்கன இருந்து வந்துச்சு? இது யாரு சொன்னது?”

“எங்கப்பா.”

“அப்ப அது ஒங்கப்பா ஆச. ஆசயப் போய்ச் சட்டம்ங்குதியே! நான் சொல்லுதேன், கேட்டுக்க. இந்தக் கேட்டுக்குள்ள ஆம்பள வரக் கூடாது, அது விதி. வயசு வந்த பிள்ளய அவ சம்மதம் இல்லாம வண்டியில ஏத்தக் கூடாது, அது சட்டம்.” பிறகு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏளா செல்வி, போறியா, இருக்கியா?”

“இருக்கேன்க்கா.” குரல் உடைந்திருந்தாலும் தெரு முழுக்கக் கேட்டது.

அண்ணன் எழுந்தான். “இனிமே அவ எங்க வீட்டு வாசல மிதிக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தான். அது எந்தக் கூடாது என்று அக்கா கேட்கவில்லை.

பொங்கல் வந்தது. பொங்கலுக்கு விடுதியைப் பூட்ட வேண்டும், யாரும் தங்கக் கூடாது என்பது முதலாளி போட்ட விதி. செல்விக்குப் போக வீடில்லை. அவளுக்காக அக்கா கொஞ்சம் வளைந்து கொடுப்பார் என்று நினைத்தோம். அவர் சாவியோடு வந்து பூட்டிவிட்டு, பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பஸ் ஸ்டாண்டில், தன் ஊரான சாத்தான்குளத்துக்குப் போகும் பஸ்ஸுக்கு நின்ற அக்காவின் கையில் இரண்டு பைகள் இருந்தன. ஒன்று செல்வியுடையது. பக்கத்தில் கரும்பைப் பிடித்துக்கொண்டு அவளும் நின்றாள். கோபம் போன இடம் தெரியாமல் சீண்டினேன்.

“யக்கா, வார்டன் பிள்ளைகள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு விதி இருக்கா?”

அக்கா பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீட்டுல நான் ஒருத்திதானளா. எத்தன வருசமா ஒரு ஆளுக்குப் பொங்கல் வைக்க” என்றார்.

இத்தனை காலம் கூடவே இருந்தும், பொங்கலுக்கு எங்கே போவீர்கள் என்று அவரிடம் நாங்கள் ஒருத்திகூடக் கேட்டதில்லை. சட்டம் அக்காவை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது, அந்தப் பஸ் கிளம்பிப் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.